ஏழு வாய்ச் சான்று

ஐப்பசி 4, காரி (ஊரார்க்குச் சனி)

எரிவாயு உருளை வந்தது. வந்தபடியே திரும்பியும் போயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உருளை கொண்டுவரும் சகாயம் வாசலில் நின்று, "சார், சாவி வந்துச்சா?" என்றார். என்ன சாவி என்றேன்.

"அதான் சார், உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்ல, ஓடிபி. இப்ப எல்லாரும் சாவின்னுதான் சொல்றாங்க. நாக்குக்கு லேசா இருக்கு."

எண் வந்துதான் இருந்தது. ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. ஒருபோழ்து மறையெண். நான் ஆக்கிய சொல். மூன்றாண்டுக்கு முன் எங்கள் சொல்லவையில் அரங்கேறி, திங்களிதழின் அட்டையிலேயே வந்த சொல். அதைச் சொல்லிக் கேளுங்கள், எண்ணைத் தருகிறேன் என்றேன். சகாயம் இரண்டு முறை முயன்றார். இரண்டாம் முறை பாதிக்குமேல் வந்துவிட்டார். பிறகு, "சார், இன்னும் பதினாறு வீடு பாக்கி," என்று உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

மாலையில் மனைவி மகிழினி வேலை விட்டு வந்து மின்னடுப்பில் சோறு வைத்தாள். "சகாயம் என்ன கேட்டாரு?" என்றாள். சொன்னேன். பருப்பு டப்பாவைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்று ஓர் ஐயம்.

(டப்பா என்று எழுதிவிட்டேன். செப்பு.)

ஐப்பசி 5, ஞாயிறு

உறக்கமில்லை. யார் சொன்ன சொல் அது?

எங்கள் தீந்தமிழ்ச் சொல்லவையில் இருபத்து மூன்று உறுப்பினர். நான் செயலாளர். அவைக்கு இரண்டு சட்டம். இரண்டையும் எழுதியவன் நான். முதல் சட்டம்: அவையில் அயற்சொல் ஒன்றை வாய்தவறிச் சொன்னவர், அதற்கான தமிழ்ச்சொல்லைச் சொல்லும்வரை எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் நிற்கும்போது கூட்டத்தை முடிக்கக்கூடாது. இரண்டாம் சட்டம்: ஒருவர் ஆக்கிய சொல்லை, அவர் தூண்டாமலே, முன்பின் அறியாத ஏழு பேர் வாயால் சொல்லக் கேட்டால் அவருக்குச் 'சொல்லேந்தல்' பட்டம். நாளும் இடமும் குறித்துக் காட்ட வேண்டும். இதற்கு ஏழு வாய்ச் சான்று என்று பெயர்.

பத்தொன்பது ஆண்டில் நான் ஆக்கிய சொற்கள் ஆயிரத்து நூற்று நாற்பது. எதற்கும் இரண்டு வாய்க்குமேல் கிடைத்ததில்லை. அந்த இரண்டில் ஒன்று மகிழினி வாய்.

சென்ற ஆண்டு பட்டம் இளவழுதிக்குப் போனது. கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்காகக் கையோடு கொண்டுபோகும் பொருளுக்கு (ஊரார்க்குப் பவர் பேங்க்) 'மின்கட்டி' என்றார். ஏழு வாய் கிடைத்தது. கிடைக்காமல் என்ன செய்யும்? கைப்பேசிக் கடை வைத்திருப்பவர் அவர் மைத்துனர்.

எனக்குப் பொறாமை இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன்: இல்லை.

ஐப்பசி 12, ஞாயிறு

ஊர் வரைபடம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வரைவாளனாக இருந்தவன். ஒரு சொல் எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க எனக்கு இளவழுதி போல் முனைவர் பட்டம் வேண்டியதில்லை. யார் வாயில் அந்தச் சொல்லைக் கேட்கிறேனோ அவர் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

எட்டு நாளில் பதினான்கு புள்ளி. தேரடி மருந்துக்கடை. சந்தைப்பேட்டையில் வெங்காயம் விற்பவள் தன் மகளுக்குக் கைப்பேசியில் சொன்னது: "சாவிய யாருக்கும் சொல்லிறாதடி." கூட்டுறவு வங்கியில் கணக்கரே. பேருந்து நிலையத்தில் இருவர், ஒருவர் வெளியூர். பதினான்கு என்றால் இரண்டு பட்டம்.

மகிழினி குளம்பி (ஊரார்க்குக் காப்பி) கொண்டுவந்து வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதெல்லாம் அந்தச் சாவி சொன்னவங்களாங்க? இத்தன பேரா?" என்றாள். கண்ணெல்லாம் மின்னியது. "என்னங்க, ஒண்ணு சொல்லணும்..."

வேலை நடக்கும்போது பேசாதே என்றேன். போய்விட்டாள்.

ஐப்பசி 21, செவ்வாய்

இருபத்தாறு புள்ளி. எல்லாம் நெருங்கி நிற்பது வட்டாட்சியர் அலுவலகத்தைச் சுற்றி. இளவழுதியின் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. எனக்கு இனி எந்த ஐயமும் இல்லை. ஆட்சிமொழிக் கிழமையில் அங்கே போய்ச் சொற்பொழிவு ஆற்றினாரே, அப்போது விதைத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், அந்த அலுவலகத்தில் 'சாவி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்' என்று அட்டையே தொங்குகிறதாம்.

மகிழினி வேலை செய்வது அதே வளாகத்தில்தான். ஊரார் இ-சேவை மையம் என்று சொல்லும் நடுவத்தில் ஒப்பந்தப் பணி. ஒன்பது ஆண்டாகச் சான்றிதழ், அட்டை, ஓய்வூதியம் என்று தட்டச்சு செய்கிறாள். அவளிடம் கேட்டேன், அங்கே யார் இப்படிச் சொல்வது என்று.

"எல்லாருந்தான் சொல்றாங்க. கிழவி கெழவன்லேருந்து ஆர்.ஐ. வரைக்கும்."

"இளவழுதி அடிக்கடி வருவாரா?"

"அவரா? ஓய்வூதியச் சான்றுக்கு ஒருவாட்டி வந்தாரு. ஏன்?"

வந்திருக்கிறார்! அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இரவு முழுக்க வயிறு எரிந்தது. துவையலில் மிளகாய் கூடுதல்.

கார்த்திகை 3, ஞாயிறு

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

அகரமுதலியைப் புரட்டினேன். சாவி தமிழே இல்லை. பறங்கியர் கப்பலில் வந்திறங்கிய போர்த்துகீசியச் சொல். நம் சொல் திறவுகோல். நானூறு ஆண்டாக ஒவ்வொரு வீட்டு ஆணியிலும் ஓர் அயலான் தொங்கிக்கொண்டிருக்கிறான், ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கே இத்தனை நாள் படவில்லை, அது வேறு.

ஏழு வாய் இல்லை, எழுபது வாய் கொண்டுவரட்டும். அயற்சொல்லுக்கு ஏது பட்டம்? சோறு இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

கார்த்திகை 5, செவ்வாய்

திங்களிதழுக்குக் கட்டுரை முடிந்தது. ஒன்பது பக்கம். தலைவர் புலவர் கதிரொளியார் கையெழுத்தோடு, அவையின் மடல்தாளில் வட்டாட்சியருக்கு ஒரு முறையீடும் அனுப்பினேன். அரசு அலுவலகத்தில் அயற்சொல் அட்டை தொங்குவது ஆட்சிமொழிச் சட்டத்துக்கு ஒவ்வாது, அட்டையை அகற்றி 'ஒருபோழ்து மறையெண்' என எழுத வேண்டும், அயற்சொல்லைப் பரப்பிய பணியாளர் யாரெனக் கண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. என் கையாலேயே எழுதினேன். கையெழுத்து நன்றாக அமைந்தது.

கடைசி வரி சற்றுக் கடுமைதான். இருக்கட்டும், இளவழுதிக்குக் கையாளாக இருந்த பணியாளருக்கு அது வேண்டும்.

கார்த்திகை 17, ஞாயிறு

அவைக் கூட்டம். கட்டுரையைப் படித்தேன். முடிக்கும்போது இளவழுதியைப் பார்த்தே முடித்தேன். அவர் கைதட்டினார். எல்லாரையும்விட வலுவாகத் தட்டினார்.

"நல்ல ஆய்வு, எழில்கோ. ஆனால் என்னை ஏன் முறைக்கிறீர்?"

"அந்தச் சொல்லைப் பரப்பியவரை முறைக்காமல் வேறு யாரை முறைப்பது?"

அவர் வாய் பிளந்து, தூய தமிழ் மறந்து பேசினார்: "நானா? ஐயோ, நான் அதக் கேட்டதே உங்க வீட்டம்மா வாயிலேருந்துதான். பென்ஷனுக்குப் போனப்ப, 'சாவி வந்துச்சா சார்'னாங்க. நல்லா இருக்கேம்மா, யார் வச்ச பேருன்னேன். நாந்தான் சார்னு வெக்கப்பட்டாங்க. உங்ககிட்டச் சொல்லலியா?"

பென்ஷன், சார், சாவி என்றதற்காக எழுந்து நின்று 'ஓய்வூதியம், ஐயா, திறவுகோல்' என்று சொல்லி அமர்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூட்டம் எப்படி என்று கேட்டாள். நன்று என்றேன்.

கார்த்திகை 18, திங்கள்

முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு மடல் கொடுத்தால் போதும். மழை. போகவில்லை.

கார்த்திகை 19, செவ்வாய்

முழங்கால் வலி.

கார்த்திகை 20, அறிவன் (ஊரார்க்குப் புதன்)

மழையும் இல்லை, வலியும் இல்லை. போகவில்லை.

கார்த்திகை 21, வியாழன்

இளவழுதியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் படித்தவர், பத்து நூல் எழுதியவர். இவள் ஒரு நாளும் உட்கார்ந்து ஒரு சொல்லைப் பற்றி எண்ணியவள் இல்லை. நான் திங்கள் கணக்கில் வேர் தேடி, ஈறு பொருத்தி, ஓசை பார்த்துச் செதுக்குவேன். இவள் வரிசையில் நிற்கும் ஒரு கிழவிக்கு விளக்க வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அது பேருந்து ஏறி வெளியூர் போகிறது. என்னுடையது திங்களிதழை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆம், பொறாமை. என் மனைவியைப் பார்த்து. இப்படி எழுதுவதற்கு என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். காலையில் அவள் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முன்னைவிட நிமிர்ந்து நிற்கிறாள் என்று பட்டது. அதுகூடப் பிடிக்கவில்லை.

நாளை போய் மடல் கொடுத்துவிட வேண்டும்.

கார்த்திகை 25, திங்கள்

போகவில்லை.

கார்த்திகை 27, அறிவன்

வந்துவிட்டது.

அட்டையைக் கிழித்துவிட்டார்கள். மகிழினிக்கு விளக்கம் கேட்டு ஓலை. ஒப்பந்தம் தை முடிவில் புதுப்பிக்க வேண்டும், இந்த முறையீடு முடியும்வரை புதுப்பிக்க மாட்டார்களாம். ஓலையோடு முறையீட்டின் படியையும் இணைத்திருந்தார்கள். அதை அவள் என் தட்டின் பக்கத்தில், தண்ணீர்ச் செம்புக்கு அடியில், பறக்காமல் வைத்தாள். வட்டமாக ஈரம் ஏறி, 'நடவடிக்கை' என்ற சொல் ஊறிப்போயிருந்தது. என் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? இருபத்தாறு ஆண்டாக மளிகைச் சீட்டு எழுதுவதே நான்தான்.

"நாந்தான்னு தெரியாம எழுதுனீங்க. அது புரியுது," என்றாள். "கூட்டத்துல இளவழுதி சார் சொல்லிட்டாராம். அவரே நேத்து வந்து சொன்னாரு. பதினேழாந்தேதி. இன்னிக்கு இருவத்தியேழு. பத்து நாள்."

மழை என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மொதல்ல உங்க சொல்லத்தாங்க சொன்னேன். மூணு மாசம். ஒருபோழ்து மறையெண் வந்திருக்கா, ஒருபோழ்து மறையெண் வந்திருக்கான்னு. ஒருத்தருக்கும் புரியல. சிரிச்சாங்க. பரவால்லன்னு சொன்னேன், எங்க வீட்டுக்காரர் உண்டாக்குன சொல்லாச்சேன்னு. அப்புறம் ஒரு அம்மா அழுதுகிட்டு வந்துச்சு, எவனோ ஃபோன்ல கேட்டான், நம்பரச் சொல்லிட்டேன், எல்லாம் போச்சுன்னு. வீட்டுச் சாவிய வழியில போறவன்கிட்டக் குடுப்பியாம்மான்னு கேட்டேன். கூட நின்னவங்களுக்கெல்லாம் டக்குனு புரிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் அங்க ஒருத்தரும் ஏமாறல. அதான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன். ரெண்டு தடவ வந்தேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் உண்டு முடிக்கவில்லை.

மார்கழி 2, திங்கள்

அவள் தூய தமிழில் பேசத் தொடங்கியிருக்கிறாள்.

காலை: "உணவு ஆயத்தம். உண்ணலாம்." மாலை: "மின்கட்டணம் செலுத்தப்பட்டது." எல்லாம் என் சொல்லேட்டிலிருந்து. அலமாரியிலிருந்து எடுத்து அடுப்படியில் வைத்திருக்கிறாள், மஞ்சள் கறை பட்டிருக்கிறது. ஓர் அயற்சொல் இல்லை. ஒரு பிழை இல்லை. பத்தொன்பது ஆண்டாக நான் கேட்டது இதைத்தான்.

'என்னங்க' இல்லை.

மார்கழி 10, செவ்வாய்

அவள் அறியாமல் நடுவத்துக்குப் போனேன். புதிய அட்டை தொங்குகிறது: 'ஒருபோழ்து மறையெண்ணை எவருக்கும் வெளியிடற்க.' என் சொல், அரசுச் சுவரில், கறுப்பு மையில். முறையீடு எழுதிய நாளில் இதைப் பார்த்திருந்தால் ஊர் முழுக்க இனிப்பு வழங்கியிருப்பேன். குறிப்பேட்டோடு பலகணி ஓரமாக நின்றேன். ஏழு வாய் இங்கேயே கிடைக்கலாம் என்று, ஆம், அப்போதும் நினைத்தேன்.

வரிசையில் ஒரு பெரியவர். மகிழினி தாழ்ந்த குரலில், "ஐயா, ஒருபோழ்து மறையெண் வந்துள்ளதா?" என்றாள். அவர் விழித்தார். மேலாளர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவள் வலக்கையை மேசைக்குமேல் உயர்த்தி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள், பூட்டைத் திறப்பதுபோல. அவ்வளவுதான்.

"அட, சாவியா! வந்திருச்சு கண்ணு," என்று கைப்பேசியை நீட்டினார் பெரியவர்.

அவருக்குப் பின்னால் இருந்தவள். அவளுக்குப் பின்னால் இருந்தவன். ஒவ்வொருவருக்கும் அந்தத் திருப்பு. ஒவ்வொருவரும் அந்தச் சொல். அரை மணியில் பதினொரு வாய். ஊமையாக்கிய பிறகும் அவள் சொல்தான் ஓடுகிறது. அந்த மணிக்கட்டின்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

மார்கழி 21, சனி

கதிரொளியாரைப் பார்த்தேன். முறையீட்டைத் திரும்பப் பெறக் கையெழுத்துக் கேட்டேன். "அவையின் மடலை அவைதான் திரும்பப் பெற வேண்டும். தை ஆறாம் நாள் ஆண்டுவிழாவில் எழுந்து கேளும்," என்றார். நியாயம்தான். அந்த நடைமுறையும் நான் வகுத்ததுதான்.

எழுந்து கேட்டால் எதைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

மகிழினி இன்று சொன்னது: "தலைவலியெனில் தைலம் நிலைப்பேழையின் இரண்டாம் தட்டில் உள்ளது." தைலம் வடசொல் என்று திருத்த வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அதையாவது விட்டுவைப்போம் என்று ஆசையாக இருந்தது.

தை 6, சனி

கால் இரண்டும் தூண் மாதிரி கனக்கிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்கு விழா. வரவேற்பு முடிந்ததும் எழுந்தேன். "வட்டாட்சியருக்கு நான் எழுதிய முறையீட்டை அவை திரும்பப் பெற வேண்டும். சாவி என்ற சொல்லை எதிர்த்து எழுதியது அது. எழுதியது மொழிக்காக அல்ல. பொறாமையால்," என்றேன்.

கதிரொளியார் விரலை உயர்த்தினார். "அயற்சொல் சொன்னீர். தமிழ்ச்சொல்லைச் சொல்லி அமரும். பிறகு பேசலாம்."

திறவுகோல் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. நான் சொல்லவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினேன். "நாற்பத்தொன்று புள்ளி. நாளும் இடமும் குறித்திருக்கிறது. இந்த ஊரில் ஏழு வாய்ச் சான்றை ஐந்து மடங்குக்குமேல் தாண்டிய சொல் இது ஒன்றுதான். சொன்னவர் பெயர் ரஞ்சிதம். என் மனைவி. மகிழினி என்பது நான் வைத்த பெயர், அதுவும் என்னைத் தவிர யார் வாயிலும் ஏறவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. "அமரும் எழில்கோ," என்றார் தலைவர். நின்றேன். விழா நடந்தது. பாட்டு, உரை, நூல் வெளியீடு. நடுவில் நான் ஒருத்தன் நட்ட கம்பம் மாதிரி. பன்னிரண்டு மணிக்குக் கால் மாற்றிக் கால் ஊன்றினேன். இளவழுதி எழுந்து தன் நாற்காலியை என் பின்னால் நகர்த்தி வைத்தார், உட்காரச் சொல்ல அல்ல, பிடித்துக்கொள்ள. பிடித்துக்கொண்டேன். இதற்கும் அவருக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும் என்று அப்போதும் தோன்றியது. என்ன பிறவி நான்!

ஒன்றரைக்கு வடை வாசனை வந்தது. நான் நிற்கும்வரை விழாவை முடிக்க முடியாது. முடிக்காமல் இலை போட முடியாது. இரண்டு மணிக்கு இருபத்திரண்டு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். கதிரொளியார் எழுதுகோலைத் திறந்து திரும்பப் பெறும் மடலில் கையெழுத்துப் போட்டார். "இப்போதாவது சொல்லும்," என்றார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

வாயைத் திறந்தேன். வரிசையில் நின்ற அந்தப் பெரியவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

உறுப்பினர் நின்றால்தான் சட்டம். ஆகவே என்னை நீக்கினார்கள். பத்தொன்பது ஆண்டு, ஒரு வரித் தீர்மானம். பிறகு விழா முடிந்தது. நான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

வீட்டில் கையெழுத்திட்ட மடலை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். "திங்களன்று ஒப்படைக்கப்படும்," என்றாள். அறைக்குள் போனாள். சரி, இவ்வளவுதான் என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அறையிலிருந்து தைலம் மணத்தது. வெளியே வந்து பாட்டிலை என் காலடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நான்கு மணிக்கு வாசலில் சகாயம், தோளில் உருளை. என்னைக் கண்டதும் அதை இறக்கி வைத்து, தொண்டையைச் செருமி, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி நின்றார்.

"சார். ஒரு... போழ்து... மறை... யெண் வந்துச்சா சார்?" முகமெல்லாம் வேர்வை. "வீட்ல சொல்லிச் சொல்லிப் பாத்தேன் சார். இன்னிக்குச் சரியா வந்திருச்சுல்ல?"

சரியாக வந்திருந்தது. ழகரம்கூட. மூன்றாண்டாக இந்த ஊரில் யார் வாயிலாவது கேட்க மாட்டோமா என்று நான் ஏங்கிய சொல். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"சாவிதானே சகாயம்?" என்றேன், உள்ளே கேட்கும்படியாகவே. "வந்திருக்கு. எழுதிக்குங்க."

அவர் போன பிறகு வரைபடத்தை எடுத்தேன். எங்கள் தெருவில் புள்ளி இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். வைத்தேன். நாற்பத்திரண்டு. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். புள்ளி வைக்கும்போதும் உள்ளே சுருக்கென்றது. அடுப்படி வாசலில் போய் நின்று அவளிடமே சொன்னேன்: "ரஞ்சிதம், எனக்கு உன்மேல பொறாமை. இன்னும் இருக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். என்னங்க, சிலிண்டர மாட்டிட்டுச் சீக்கிரம் வாங்க, ரசம் ஆறுது."

மூன்று அயற்சொல். ஒரு மாசத்துக்குமேல் நான் காத்திருந்த வாக்கியம்.